கஷாயம் குடித்த தொட்டி

எங்கள் வீட்டில் கழிப்பறைக்குப் போகுமுன் கொல்லைக் கதவைத் திறந்து வாய்க்காலைப் பார்க்க வேண்டும். மட்டாஞ்சேரியில் காயலை ஒட்டிய சந்துகளில் குடியிருந்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியாது. கடல் பொங்கும் நாட்களில், அதை அங்கே வேலியேற்றம் என்பார்கள், உப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஏறி, கொல்லைக்கு வந்து, மண்ணுக்குள் சிமெண்ட் உறை இறக்கிய எங்கள் பழைய கழிவுக்குழிக்குள் புகுந்துகொள்ளும். புகுந்த தண்ணீருக்கு இடம் வேண்டுமே. ஏற்கெனவே உள்ளே இருந்தது வெளியே வந்துவிடும். அம்மா ஒரு கையில் பினாயிலும் மறு கையில் துடைப்பமுமாக நிற்பாள். தண்ணீர் இறங்கும்வரை அப்பா மிளகுக் கிடங்கு வேலைக்குக் கிளம்ப மாட்டார்.

எனக்கு ஒன்பது வயதானபோது அத்தை இதற்கு ஒரு முடிவு கட்டக் கிளம்பினாள். அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. எறணாகுளத்தில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் பதினாறு வருடம் நின்றவள். ஊர்ஊராக வந்தவர்களுக்கெல்லாம் சாவி எடுத்துக் கொடுத்தவளுக்குத் தன் கையில் ஒரு சாவி வேண்டும் என்று ஆசை. எங்கள் வீட்டு மாடியில் சும்மா கிடந்த இரண்டு அறைகளுக்கும் வெள்ளையடித்து, புதுக் கட்டில் போட்டு, வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹோம்ஸ்டே ஆக்கிவிடுவது என்று தீர்மானித்துவிட்டாள். வேலையையும் விட்டுவிட்டாள். அனுமதிக்காக வந்து பார்த்த அதிகாரி கட்டிலைப் பார்க்கவில்லை, வெள்ளையடித்த சுவரையும் பார்க்கவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய்க் குழியையும் வாய்க்காலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் வெளியே விட்டால் அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் அந்தத் தொட்டி வந்தது. நான்கு பேர் தூக்கி வந்து கொல்லையில் மேடு கட்டி வைத்தார்கள். உள்ளே மூன்று அறைகள். கழிப்பறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வருவதெல்லாம் முதல் அறையில் தங்கும். நடு அறையில் ஒரு சின்ன மோட்டார் ராப்பகலாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும், தண்ணீர் கொதிப்பதுபோலக் குமிழ் விடும். மூன்றாவது அறையில் தெளிந்த தண்ணீர் கொஞ்சம் குளோரின் வாங்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போகும். அதைப் பொருத்தியவர் ஆலுவாக்காரர். கோயம்புத்தூரில் சில வருடம் வேலை பார்த்ததால் எங்களிடம் தமிழிலேயே பேசுவார், பாதி வழியில் மலையாளத்துக்குள் இறங்கிவிடுவார். எங்கள் தமிழும் அதே கதைதான் என்பதால் யாருக்கும் கஷ்டமில்லை.

"இது மெஷின்னு நினைக்கண்டா சேச்சி. இதுக்குள்ள உயிர் இருக்கு. பினாயில் ஊத்தினா சாகும், ப்ளீச்சிங் பவுடர் போட்டா சாகும், மோட்டார் நின்னாலும் சாகும்" என்றார் அம்மாவிடம்.

என் குழப்பம் அன்று தொடங்கியது. உயிர் என்றால் என்ன உயிர்? அத்தையிடம் கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள், கோடிக்கணக்கில் இருக்கும், நம் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கும் என்றாள். பள்ளிக்கூடத்திலோ கிருமிதான் எல்லா நோய்க்கும் காரணம், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று டீச்சர் படம் போட்டுக் காட்டியிருந்தார். எங்கள் வீட்டில் கிருமி வளர்க்கிறோம் என்று நான் எழுந்து நின்று பெருமையாகச் சொன்னதில் அம்மாவைப் பள்ளிக்கு வரவழைத்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருந்தது. நடு அறையில் பொத்திப்பொத்தி வளர்ப்பதை மூன்றாவது அறையில் குளோரின் போட்டுக் கொல்கிறோமே, இது என்ன நியாயம்? இதையும் அத்தையிடம்தான் கேட்டேன். இங்கே இருக்கும்வரை அது நம் பிள்ளை, வாய்க்காலுக்குப் போனால் ஊர்ப்பிள்ளை என்றாள்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அத்தையுடையது. எடுபிடி நான். தினமும் காலையில் கையுறை போட்டுக்கொண்டு, நீளக் காம்பு வைத்த குவளையால் நடு அறைத் தண்ணீரை மொண்டு, கோடு போட்ட கண்ணாடி ஜாடியில் ஊற்றித் துவைக்கிற கல்லின்மேல் வைப்பாள். அரைமணி நேரம் யாரும் அதைத் தொடக்கூடாது. அதற்குள் அவள் ஒரு சாயா குடித்து முடிப்பாள். கசடெல்லாம் மெதுவாக அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். கசடு ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு இருந்து, சாயா நிறத்தில், புதுமழை பெய்த மண் மாதிரி வாசம் வந்தால் உள்ளே எல்லோரும் சௌக்கியம் என்று பொருள். வீட்டில் நாங்கள் நான்கே பேர், கிருமிகளுக்குச் சாப்பாடு போதாது என்று ஆலுவாக்காரர் சொல்லியிருந்ததால், சோறு வடித்த கஞ்சியைக் கொஞ்சம் வெல்லம் கரைத்து ஊற்றுவோம். மாடிக்கு விருந்தாளி வருவதற்கு முன்பே அத்தை கொல்லையில் விருந்து வைக்கத் தொடங்கிவிட்டாள் என்று அப்பா கேலி செய்வார்.

அம்மாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. பினாயில் வாசம் வராத கழிப்பறையைச் சுத்தம் என்று ஒப்புக்கொள்ள அவளால் முடியவில்லை. அப்பா வீட்டிலிருந்த பினாயில் பாட்டில்களை எல்லாம் எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். வெந்நீரும் சீயக்காயும் போட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டே, மனிதருக்கு இல்லாத மரியாதை இந்த வீட்டில் புழுவுக்கு இருக்கிறது என்று முணுமுணுப்பாள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குச் சின்ன வயதில் மூச்சு இழுப்பு உண்டு. சுள்ளிக்கல்லில் ஒரு வைத்தியர் கஷாயம் கொடுத்திருந்தார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன டம்ளர். அந்தக் கசப்பை விவரிக்க எனக்கு இன்றுவரை வார்த்தை கிடைக்கவில்லை. பல் தேய்த்துக்கொண்டே குடிக்கிறேன் என்று டம்ளரைக் குளியலறைக்குள் எடுத்துப் போய்ச் சாக்கடைத் துளையில் ஊற்றிவிட்டு, முகத்தைச் சுளித்தபடி வெளியே வருவேன். முகம் சுளிப்பதில் நான் கெட்டிக்காரி. பழைய குழி இருந்த காலத்திலேயே தொடங்கிய பழக்கம். புதுத் தொட்டி வந்த பிறகும் விடவில்லை.

மே மாதத்தில் தொட்டி முதல்முறை செத்தது. முதலில் நடு அறையில் சோப்பு நுரைபோல வெள்ளையாகப் பொங்கியது. இரண்டு நாளில் தண்ணீர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஜாடியில் கசடு இறங்கவே இல்லை, கலங்கலாக அப்படியே நின்றது. பக்கத்து வீட்டு கொங்கணி மாமி ஜன்னலைச் சாத்துகிற சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. அப்பா அன்று மாலை கூடத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி விசாரணை வைத்தார். அம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. பரணில் ஏறிப் பாட்டில்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அப்பா தலைக்குப் போடும் சாயத்தின்மேல் பழியைத் திருப்பிவிட்டாள். எல்லோரையும்விடக் கடுமையாக இருந்தவள் அத்தைதான். குளியலறையில் இருந்த சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துப் பாதியைக் குப்பையில் போட்டாள். மறுநாள் காலையிலும் நான் டம்ளரோடு குளியலறைக்குள் போனேன்.

செத்த தொட்டியை எழுப்ப ஆலுவாக்காரர் ஒரு பொட்டலம் மாவு கொடுத்தார். கூடவே பசுஞ்சாணியைக் கரைத்து ஊற்றச் சொன்னார். சேர்லாய்ப் பக்கம் பசு வைத்திருந்த ஒரு வீட்டிலிருந்து அப்பா இரண்டு வாளிச் சாணி வாங்கினார். சாணி வாளியை ஏற்ற எந்த ஆட்டோக்காரரும் சம்மதிக்கவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு இரண்டு கையிலும் வாளியோடு கடைத்தெரு வழியே நடந்து வந்தவர், இனிமேல் ஒரு சொட்டு மருந்து இந்தத் துளைக்குள் விழுந்தால் ஊற்றியவரின் கையை முறித்துவிடுவேன் என்றார். தொட்டி பத்து நாளில் தேறியது. அடுத்த வாரமே மறுபடி செத்தது.

அந்த நாட்களில் அத்தை அவ்வப்போது திருப்பூணித்துறையில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போவாள். ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் திரும்புவாள். வந்தால் சாப்பாடு இறங்காது, பேச்சும் இருக்காது, சுருண்டு படுத்துக்கொள்வாள். தோழி வீட்டில் விருந்து பலம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒருமுறை அம்மாவும் கூடப் போனாள். இருவரும் திரும்பியபோது அத்தை தலையை மழித்து, சந்தனம் பூசி, துணி கட்டியிருந்தாள். ஹோம்ஸ்டே அனுமதி கிடைக்கப் பழனிக்கு நேர்ந்துகொண்டது என்று அம்மா சொன்னாள். அனுமதி கிடைத்த பிறகல்லவா முடியைக் கொடுக்க வேண்டும், முருகனுக்கே முன்பணம் கொடுத்துவிட்டாயா என்று அப்பா சிரித்தார். ஒரே நாளில் பழனிக்குப் போய் வந்துவிட்டார்களா, எனக்கு ஏன் பஞ்சாமிர்தம் இல்லை என்று நான் அழுதேன். அம்மா கடைக்குப் போய் வாழைப்பழமும் சர்க்கரையும் வாங்கி வந்து பிசைந்து கொடுத்தாள். பழனிப் பஞ்சாமிர்தம் அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. ஆறு வாரம் கழித்து வந்து, தொட்டியிலிருந்து வெளியே போகும் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தேறினால் அனுமதி. தேறாவிட்டால் மாடிக் கதவுக்குப் பூட்டுதான். அத்தை அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். அது வந்த நான்காம் நாள் தொட்டி மூன்றாவது முறையாகச் செத்தது.

ஆலுவாக்காரர் வந்து மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார், காற்றுக் குழாயைக் கழுவிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. என்றைக்கு என்றைக்குக் கெட்டது என்று கேட்டார். தொட்டி செத்த நாட்களில் எல்லாம் சமையலறைக் காலண்டரில் நான் ஒரு மண்டை ஓடு வரைந்து வைத்திருந்தேன். ஓடிப்போய் அதை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் விரலால் கட்டங்களை எண்ணினார். மறுபடி ஒருமுறை எண்ணினார்.

"கரெக்டா மூணு வாரம், மூணு வாரம்" என்றார். பிறகு காலண்டரிலிருந்து தலையைத் தூக்காமலே மெதுவாகக் கேட்டார்: "வீட்ல யாராச்சும் கடுப்பமா, ஸ்ட்ராங்கா, மருந்து வல்லதும் எடுக்கிறாங்களா சேட்டா? சில மருந்து உடம்புல நின்னு வெளிய வந்தா, இதுங்க தாங்காது."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். அப்பா இருவரையும் பார்த்தார். இந்த வீட்டில் மருந்து எடுப்பவள் நான் ஒருத்திதான். அதை நான் எடுக்காமல் தொட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததும் எனக்கு மட்டும்தான் தெரியும். இவர்கள் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டு, நானே ஒப்புக்கொள்ளட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். ஓவென்று அழுதபடி, கஷாயத்தை ஒருநாள்கூட நான் குடித்ததில்லை, எல்லாவற்றையும் குளியலறையில் ஊற்றிவிட்டேன், தொட்டியைக் கொன்றவள் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அத்தை சட்டென்று என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, "பாத்தியாண்ணே, களவாணி இங்கல்லா நிக்கா!" என்று சிரித்தாள். அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

ஆலுவாக்காரர், கஷாயத்துக்கெல்லாம் இது சாகாது என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அத்தை அவரைச் சாயா குடித்துவிட்டுப் போகச் சொல்லி நடுவிலேயே மடக்கிவிட்டாள். அவரும் பையைக் கட்டிக்கொண்டு, மாவுப் பொட்டலத்தைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, சாயாவும் குடிக்காமல் போய்விட்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். என் கையை முறிக்க வேண்டிய அப்பா, காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு மண்டை ஓடுகளையே பார்த்தபடி திகைத்து நின்றார். எனக்கு ஓர் அடிகூட விழவில்லை. இவ்வளவு பெரிய குற்றத்துக்கு அடி விழாதது எனக்கு அடியைவிடப் பயமாக இருந்தது.

இரண்டாம் நாள் அத்தை ஒரு பெட்டியோடு திருப்பூணித்துறைக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே ஓர் அறை எடுத்திருப்பதாகவும் கொஞ்ச நாள் வேலை இருப்பதாகவும் சொன்னாள். கையுறைகளை என்னிடம் கொடுத்து, "அதிகாரி வாரதுக்குள்ள தொட்டி சாயா நிறத்துக்கு வந்துரணும். ஒன்னைய நம்பித்தான் போறேன், ஏட்டி" என்றாள். என்னோடு ஒரே வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் போகிறாள் என்று நான் புரிந்துகொண்டேன்.

அத்தைக்கு மார்பில் கட்டி வந்திருந்ததும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவள் மருத்துவமனையில் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டதும், அனுமதி கிடைக்கும்வரை அண்ணனுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் ஹோம்ஸ்டேவே வேண்டாம் என்று நிறுத்திவிடுவார் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்ததும், பழனி என்பது திருப்பூணித்துறையில் ஒரு முடிதிருத்தும் கடைதான் என்பதும் நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவிடம் அவளைக் காட்டிக்கொடுத்தது அந்தத் தொட்டிதான். தன் உடம்பிலிருந்து போகும் மருந்துதான் அதைக் கொல்கிறது என்று தெரிந்ததும், பரிசோதனை முடியும்வரை அதைவிட்டு விலகியிருக்க அவளாகவே முடிவு செய்திருக்கிறாள். இன்று அவள் நன்றாக இருக்கிறாள். மாடியில் ஆள் இருந்தால் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசக்கூட அவளுக்கு நேரம் இருப்பதில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கஷாயம் மட்டும்தான். மறுநாள் காலையிலிருந்து அம்மாவின் கண் முன்னால் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். டம்ளரைக் கழுவிய தண்ணீரையும் குடித்தேன். கழுவிய தண்ணீர் துளைக்குள் போனால் என்ன ஆவது? அப்பா சேர்லாயிலிருந்து சாணி கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் போகுமுன் நான் ஜாடியில் தண்ணீர் மொண்டு கல்லின்மேல் வைத்தேன். முதல் வாரம் கலங்கலாக இருந்தது. இரண்டாம் வாரம் கசடு இறங்கத் தொடங்கியது. நான்காம் வாரம் அசல் சாயா நிறம், மண் வாசம். நான் கஷாயம் ஊற்றுவதை நிறுத்தினேன், தொட்டி பிழைத்துக்கொண்டது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான் கொலைகாரி என்பது எனக்குச் சந்தேகமில்லாமல் உறுதியாகிவிட்டது. எனக்கு இழுப்பு குறைந்துபோனதை அந்தக் கவலையில் நான் கவனிக்கவே இல்லை.

அதிகாரி வந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனார். பத்து நாளில் அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. நான்தான் அத்தையைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அனுமதி வந்துவிட்டது, தொட்டி சௌக்கியமாக இருக்கிறது, கஷாயத்தை ஒரு சொட்டுவிடாமல் குடிக்கிறேன், இனிமேல் நீ வந்துவிடலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து அப்பாவிடம் கொடுத்தேன்.

அப்பா காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னும் மூணு தடவ இருக்குன்னா என்ன, வீட்டுல வந்து கெட. தொட்டி போனாப் போவுது" என்றார். அன்று மாலையே திருப்பூணித்துறைக்குப் போய்ப் பெட்டியோடு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அத்தை ரொம்பவும் மெலிந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அவளுடைய தலைத்துணி என் கண்ணில் குத்தியது. எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நினைத்து நானும் அழுதேன். மறுநாள் அவளைக் கொல்லைக்கு இழுத்துப் போய் ஜாடியைக் காட்டினேன். பத்துநாள் அப்படி நன்றாகப் போயிற்று.

அதற்குப் பிறகு அப்பா அவளை எங்கோ கூட்டிப்போய் மறுநாள் கூட்டி வந்தார். நான்காம் நாள் நடு அறையில் வெள்ளை நுரை பொங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. கஷாய டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி, நான் குடித்துவிட்டேன், சத்தியமாகக் குடித்துவிட்டேன் என்று அப்பாவிடம் கவிழ்த்துக் காட்டினேன். அவர் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். நாற்றம் கிளம்பும் முன்னேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு வாளிகளோடு சேர்லாய்க்குப் போனார். பினாயில் பாட்டிலை யாரும் எண்ணவில்லை. தலைச்சாயத்தை யாரும் முகரவில்லை. புழுவுக்கு இருக்கும் மரியாதையைப் பற்றிப் பேசி வந்த அம்மா, சாணி கரைக்கும்போது பக்கத்தில் நின்று வாளியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். கொங்கணி மாமி ஜன்னலைச் சாத்தவில்லை, கம்பி வழியாக ஒரு பாத்திரத்தில் மோர் கொடுத்தாள். மூன்று வாரத்தில் மறுபடி செத்தது, மறுபடி வாளி. இன்னும் மூன்று வாரத்தில் இன்னொரு முறை. அனுமதிக் கடிதம் கையில் இருந்தும் மாடிக் கதவு பூட்டியே கிடந்தது. வாசலில் கேட்டு வந்த வெள்ளைக்காரர்களை அப்பா சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பினார்.

யார் செய்தது என்று அந்த மூன்று முறையும் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தத் தொட்டியின்மேல் இருந்த அக்கறை போய்விட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.